போடிச் சாரலில் ஒலிப்பதிவு: கருவி மாறிய சரித்திரம்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில், குரங்கணிக்கும் போடிமெட்டுக்கும் அடிவாரமாக, மலையையே மதிலாகக் கொண்டு அமைந்திருக்கும் போடிநாயக்கனூரை ஏலக்காய் வியாபாரத்தின் தலைநகரம் என்று சொல்லுவது வழக்கம். அவ்வூரின் பழைய சரித்திரத்தை நிதானமாகப் படிப்பவர்களுக்கோ, அது ஆதியிலிருந்தே பாரம் இறக்கிப் பாரம் ஏற்றும் ஊர் என்பது விளங்கும். மூணாறுத் தோட்டங்களின் தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷன் வரையில் வந்து, அங்கிருந்து ரோப்வே வழியாகக் கோட்டகுடிக்கு இறங்கி, பிறகு வண்டி மாறிப் போடியை அடைந்த காலம் ஒன்று இருந்தது. குண்டளைப் பள்ளத்தாக்கின் சிறு ரயில் பாதையை 1924-ஆம் வருஷத்துப் பெருவெள்ளம் அழித்துவிட்டது; 1928-இல் மதுரையிலிருந்து மீட்டர் பாதை ரயில் போடிக்கு வந்தது; இரண்டாம் உலக யுத்தத்தின்போது அதன் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டு, சுதந்திரத்துக்குப் பிறகு மீண்டும் போடப்பட்டன; 2010-ஆம் வருஷக் கடைசியில் அப்பாதையும் நிறுத்தப்பட்டு, 2023-இல் அகலப் பாதையில் ரயில் திரும்பியது. வாகனம் மாறிய ஒவ்வொரு சமயத்திலும் சரக்கை இறக்கி, எண்ணிப் பார்த்து, மறுபடியும் ஏற்ற வேண்டியிருந்தது. ஏற்ற மறந்தது வழியிலேயே தங்கிவிட்டது.

இப்பிரதேசத்தில் பாட்டின் கதையும் அவ்விதமே நடந்திருக்கிறது. வாய்ப்பாட்டு இசைத்தட்டில் ஏறியது. இசைத்தட்டிலிருந்து நாடாவுக்கும், நாடாவிலிருந்து கணினிக்கும் மாறியது. கணினிக்குள் புகுந்த பிறகும் ஓய்வின்றி ஒரு மென்பொருளிலிருந்து மற்றொரு மென்பொருளுக்குப் பிரயாணம் செய்துகொண்டிருக்கிறது. கடைசியாகச் சொன்ன மாற்றத்தை ஒலிப்பதிவுக் கூடத்துக்காரர்களின் சொந்த விவகாரம் என்று எண்ணுவோர் பலர். அது நூறு வருஷங்களுக்கு மேலாக நடந்துவரும் ஒரு நெடிய சரித்திரத்தின் அண்மைக்கால அத்தியாயம் என்பதும், கருவி மாறுவதனால் பாட்டு அழிவதில்லை, மாற்றும் சமயத்தில் நாம் காட்டும் அசிரத்தையினாலேயே அழிகிறது என்பதும் என் துணிபு.

ஒலிப்பதிவு என்ற ஒன்று தோன்றுவதற்கு முன்னால் இந்தச் சாரலில் பாட்டுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கும் பெண்களின் தெம்மாங்கும், முளைப்பாரிக் கும்மியும், சாவு வீட்டு ஒப்பாரியும், பளியர், முதுவர் குடிகளின் சடங்குப் பாடல்களும், விடிய விடிய நடக்கும் வள்ளி திருமண நாடகத்தின் தர்க்கப் பாட்டுகளும் அந்தந்த வேளைக்கு உரியனவாக இருந்தன. மழைக்காலத்தில் மலையேறிய கூட்டம் மாதக்கணக்கில் தோட்டத்துச் சாளையில் தங்கியபோது, இறக்கத்தில் ஓர் ஊரின் மெட்டு இன்னோர் ஊருக்கு வந்து சேர்ந்தது. ஒருவர் பாட, மற்றவர் கேட்டு மனத்தில் இருத்திக்கொள்வதே பதிவு. மனிதர் மறைந்தால் பாட்டும் மறைந்தது.

அரசியல் மேடையும் அவ்விதப் பாட்டையே துணைகொண்டது. போடிக்குத் தெற்கே, அதே மலையின் அடியில் உள்ள பண்ணைப்புரத்தைச் சேர்ந்த பாவலர் வரதராஜன், பொதுவுடைமைக் கட்சியின் மேடைகளில் ஆர்மோனியத்துடன் பாடித் தோட்டத் தொழிலாளர்களின் உள்ளத்தைக் கவர்ந்தவர். 1958-இல் தேவிகுளம் தொகுதியில் நடந்த இடைத்தேர்தலில், ரோசம்மா புன்னூஸ் வெற்றி பெறுவதற்காக மலையின் அப்புறத்துத் தமிழ்த் தொழிலாளர்களிடையே அவர் பாடிய பிரசாரப் பாட்டுகள் இரு மாநிலங்களிலும் பேசப்பட்டவை. அந்த மேடைகளில் பழகிய அவருடைய தம்பிமார்களில் ஒருவரே பிற்காலத்தில் இளையராஜா என்று உலகம் அறிந்தவர். அத்தனை ஜனங்களைக் கிளர்ச்சியுறச் செய்த அப்பாட்டுகள், பாடப்பட்ட இரவிலேயே காற்றில் கலந்தவை. அந்நாளில் ஒலிப்பதிவு யந்திரம் என்பது நகரத்துக் கம்பெனிகளின் சொத்தாக இருந்ததேயன்றி, மலையடிவாரத்து மேடைக்கு எட்டும் பொருளாக இருக்கவில்லை.

நகரத்திலோ அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே அந்த யந்திரம் வந்துவிட்டது. 1902-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் கிராமபோன் கம்பெனியின் பிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரலைப் பதிவு செய்ததிலிருந்து இந்தியாவில் இசைத்தட்டு யுகம் தொடங்கியது. நிமிஷத்துக்கு 78 சுற்று சுழலும் அரக்குத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிஷம்தான் அடங்கும். ஆகவே ராக விஸ்தாரத்தையும், கீழ்க்காலத்தில் ஆரம்பித்துப் படிப்படியாக உயரும் நிதானத்தையும் வித்வான்கள் கைவிட வேண்டியதாயிற்று. சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகத்தில் அரைமணி நேரம் வாதாடிய வள்ளியும் வேலனும் தட்டில் ஏறியபோது மூன்று நிமிஷத்தில் வாதத்தை முடித்துக்கொண்டார்கள். எஸ். ஜி. கிட்டப்பாவின் குரலும் கே. பி. சுந்தராம்பாளின் குரலும் கடைக்கோடிக் கிராமத்துக்கும் எட்டியது கருவி தந்த மகத்தான லாபம்; பாட்டின் நீளத்தை அன்று முதல் யந்திரம் நிர்ணயிக்கத் தொடங்கியது அதற்கு நாம் கொடுத்த விலை.

இசைத்தட்டைச் சாரலுக்குக் கொண்டுவந்தவர் மைக்செட்காரர். வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவானாலும், போடியில் ஒரு கல்யாணமானாலும், விடியற்காலையிலேயே புளியமரத்து உச்சியில் இரண்டு குழாய்களை எதிரெதிர்த் திசையில் கட்டிவிட்டு, பந்தலின் மூலையில் ஒரு பெஞ்சைப் போட்டு அவர் அமர்ந்துகொள்வார். தட்டை உறையிலிருந்து உருவி, ஓரத்தைமட்டும் உள்ளங்கைகளால் தாங்கி, மெல்லிய துணியால் தூசியைத் துடைத்து, சுழலும் மேடையில் வைத்து, ஊசியைத் தேய்ந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து, மூச்சை அடக்கி அதை முதல் கோட்டில் இறக்கும் அந்தக் கிரமத்தைச் சிறுவர்கள் சுற்றி நின்று பூஜையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். எஃகு ஊசியை ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்ற வேண்டும். மாற்றாமல் ஓட்டியவருடைய தட்டுகளில் வரிசைகள் அரைபட்டு, பாட்டுக்கு மேலே மழை பெய்யும் சப்தம் கேட்கும். முதலில் பக்திப் பாட்டு, பிறகு சினிமாப் பாட்டு, தாலி கட்டும் வேளையில் தட்டை நிறுத்திவிட்டு நாயனத்துக்கு இடம் விடுதல் என்று அதற்கென ஒரு சம்பிரதாயமே உண்டாகியிருந்தது.

இதற்கிடையே தமிழ் சினிமாவின் ஒலிப்பதிவு வேறொரு வழியில் வளர்ந்தது. 1931-இல் 'காளிதாஸ்' பேசத் தொடங்கியது, 1938-இல் ஏ. வி. எம்மின் 'நந்தகுமார்' படத்தில் ஒருவர் குரலை மற்றொருவருக்குக் கொடுக்கும் பின்னணிப் பாட்டு முறை தமிழில் அறிமுகமாயிற்று. ஒலியை வெளிச்சமாக மாற்றிப் படச்சுருளின் ஓரத்தில் பதித்த முறைக்குப் பிறகு காந்த நாடா வந்தது. ஆயினும் பாடகரும் ஐம்பது வாத்தியக்காரர்களும் ஒரே கூடத்தில் ஒரே சமயத்தில் இசைக்க வேண்டும். ஒருவர் பிசகினால் எல்லாரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்ற கட்டாயம் நெடுங்காலம் நீடித்தது. பண்ணைப்புரத்திலிருந்து சென்னைக்குச் சென்று, மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டுச் சங்கீதம் பயின்ற இளையராஜா, 1976-இல் 'அன்னக்கிளி' மூலம் வெளிப்பட்டபோது இருந்த கூடம் அத்தகையதே.

அந்தக் கூடத்துக்கு அவர் எடுத்துச் சென்ற ஒரு பழக்கம் இந்த வரலாற்றில் தனியாகக் கவனிக்கத்தக்கது. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரிய ஸ்வரங்களை மேல்நாட்டுக் குறியீட்டில் தாமே காகிதத்தில் எழுதி, கூடத்துக்கு வந்ததும் வாத்தியக்காரர்களிடம் கொடுத்துவிடுவது அவருடைய வழக்கம். ஒரே தடத்தில் பதிந்த காலத்திலும், பல தடங்களில் பதிந்த காலத்திலும், கணினி வந்த காலத்திலும் அந்தக் காகிதம் மாறவில்லை. எந்த யந்திரத்துக்கும் அடிமைப்படாத ஓர் எழுத்தில் பாட்டின் முழு உருவமும் இருந்ததனால், கருவி எத்தனை முறை மாறினாலும் அந்தச் சங்கீதத்தை மறுபடியும் மேடையில் எழுப்பிவிட முடிகிறது. நாட்டுப்புறப் பாட்டுக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. நா. வானமாமலை தொகுத்து 1964-இல் வெளிவந்த 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' எத்தனையோ பாட்டுகளின் சொற்களைக் காப்பாற்றிக் கொடுத்த அரும்பெரும் தொண்டு. ஆனால் அச்சு சொல்லைச் சுமக்குமேயல்லாமல், மெட்டின் நெளிவையும் பாடியவளின் தொண்டைக் கரகரப்பையும் சுமக்க வல்லதன்று.

மெட்டையும் சேர்த்துச் சுமக்கும் சாதனம் சாதாரண ஜனங்களின் கைக்கு வந்தது கேசட்டின் மூலமாகத்தான். பிலிப்ஸ் கம்பெனி 1963-இல் வெளியிட்ட அந்தச் சிறு பெட்டி, எண்பதுகளில் தமிழ்நாட்டின் ஒவ்வொரு கடைவீதியிலும் ஒரு ரெக்கார்டிங் சென்டரை உண்டாக்கியது. போடியிலும் தேனியிலும் கம்பத்திலும் தோட்டத்திலிருந்து வார முடிவில் இறங்கும் தொழிலாளி, சம்பளம் வாங்கிய கையோடு அங்கே வந்து, எண்ணிட்ட தடித்த நோட்டைப் புரட்டி, தமக்கு வேண்டிய பாட்டுகளைக் குறித்துக் கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் வந்து வாங்கிச் செல்வார். அறுபது நிமிஷ நாடாவில் எத்தனை பாட்டு அடங்கும், ஏ பக்கத்தின் கடைசிப் பாட்டு நடுவில் அறுபடாமல் இருக்க எதை முன்னே, எதைப் பின்னே வைக்க வேண்டும் என்பதெல்லாம் கடைக்காரரின் வித்தை. முத்து முத்தான எழுத்தில் பாட்டின் முதலடியையும் படத்தின் பெயரையும் அட்டையில் எழுதிக் கொடுப்பது அவருடைய கௌரவம்.

கேசட்டின் மற்றொரு குணம் இன்னும் முக்கியமானது. அது கேட்கும் சாதனமாக இருந்ததோடு, பதியும் சாதனமாகவும் இருந்தது. இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால் பாட்டியின் தாலாட்டும் பதிவாகும், கோயில் கும்மியும் பதிவாகும். மதுரைக் காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனும் அவர் கணவரும் கிராமம் கிராமமாகச் சென்று நாட்டுப்புறப் பாட்டுகளைத் திரட்டி மேடைகளில் பரப்பியதும் இந்த நாடாவின் காலத்தில்தான். பதிந்ததை நிரந்தரமாக வைத்துக்கொள்ள விரும்பியவர்கள், பெட்டியின் முதுகில் இரு மூலைகளிலும் உள்ள சிறு பிளாஸ்டிக் தகட்டை உடைத்துவிடுவார்கள். அதன்பின் அந்த நாடாவின்மேல் வேறு எதையும் பதிய முடியாது. உடைக்க மறந்த கேசட்டுகளில் எத்தனையோ ஒப்பாரிகளின்மீது புதுப்படப் பாட்டு ஏறிவிட்டது. உடைத்து வைத்தவற்றையும் மலைச்சாரலின் ஈரம் விடவில்லை. ஆறு மாதம் பனியும் சாரலும் ஓயாத வீடுகளில், அலமாரியில் கிடந்த நாடாவின்மேல் வெண்பூஞ்சை படர்ந்து, ஒலி மங்கி, கடைசியில் நாடா ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது.

அந்த நாடா யுகம் உச்சத்தில் இருந்தபோதே அதன் வாரிசு பிறந்துவிட்டது. 1983-இல் மின்னணு வாத்தியங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கான மிடி என்ற பொது மொழி வகுக்கப்பட்டது. எந்தக் கட்டையை எந்தக் கணத்தில் எவ்வளவு அழுத்தத்துடன் அழுத்த வேண்டும் என்பதை மட்டும் எண்களாகச் சொல்லும் மொழி அது. நாதம் அதில் இல்லை. தமிழ் சினிமாவில் 1986-இல் வெளிவந்த 'புன்னகை மன்னன்' படத்திலேயே அவ்விதக் கணினிச் சங்கீதத்தை ஜனங்கள் கேட்டு வியந்தார்கள். 1989-இல் கோடம்பாக்கத்தில் தம் வீட்டை ஒட்டி ஒலிப்பதிவுக் கூடம் அமைத்த ஏ. ஆர். ரஹ்மான், 1992-இல் 'ரோஜா'வின் மூலம் ஒலிப்பதிவின் போக்கையே திருப்பினார். ஐம்பது பேர் ஒரே சமயத்தில் கூடும் கூடத்துக்குப் பதிலாக, ஒவ்வொருவராக வந்து தம் பங்கை இசைத்துவிட்டுப் போகும் அறையும், அவற்றையெல்லாம் இரவில் தனியாக அமர்ந்து கோக்கும் இசையமைப்பாளரும் தோன்றினர்.

இந்தக் கோக்கும் வேலைக்காகத்தான் மென்பொருள்கள் உண்டாயின. 1989-இல் கியூபேஸ், 1991-இல் புரோ டூல்ஸ், தொண்ணூறுகளில் லாஜிக் என்று அவை வரிசையாக வந்தன. தொழிலாளியின் கைப்பழக்கம் எப்படி அவனுடைய உளியோடு ஒன்றிவிடுகிறதோ அப்படியே, பத்து வருஷம் ஒரே மென்பொருளில் பணிபுரிந்தவரின் விரல்கள் அதன் குறுக்கு வழிகளோடு ஒன்றிவிடுகின்றன. அவ்விதமிருக்க, 2002-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் லாஜிக்கைத் தயாரித்த ஜெர்மானிய ஸ்தாபனமாகிய ஈமேஜிக்கை ஆப்பிள் கம்பெனி விலைக்கு வாங்கி, விண்டோஸ் கணினிக்கான பதிப்பை நிறுத்திவிட்டது. உலகெங்கும் அதை நம்பி விண்டோஸில் வேலை செய்தவர்கள், புதிய கணினி வாங்குவதா, பழகிய மென்பொருளைக் கைவிடுவதா என்ற தர்மசங்கடத்துக்கு ஆளானார்கள். 2017 நவம்பரில் கேக்வாக் என்ற மற்றொரு ஒலிப்பதிவு மென்பொருளின் வளர்ச்சியைக் கிப்சன் கம்பெனி நிறுத்தியதாக அறிவித்தபோதும், 2018-இல் பேண்ட்லேப் அதை எடுத்துக்கொள்ளும் வரையில், அதன் பயனாளர்கள் அதே நிலையில் நின்றார்கள்.

இந்த அலை மலையடிவாரத்துக்கும் வந்தது. ஏலக்காய் ஏலமே 2007-இல் வாய்விட்டுக் கேட்கும் முறையிலிருந்து கணினிக்கு மாறிய அந்த வருஷங்களில், சிறு ஊர்களிலும் ஒரு கணினி, ஒரு மைக், சுவரில் ஒட்டிய பஞ்சுமெத்தை என்ற அளவில் ஒலிப்பதிவு அறைகள் முளைத்தன. கோயில் கும்பாபிஷேகத்துக்குச் சாமி பாட்டு, தேர்தலுக்குப் பிரசாரப் பாட்டு, ஜீப்பில் கட்டி ஓட்டும் விளம்பரம் ஆகியவையே அவற்றின் ஜீவனோபாயம். இப்படிப்பட்ட அறைகளில் பெரிதும் பழக்கத்திலிருந்த கூல் எடிட் புரோ என்ற மென்பொருளை 2003-இல் அடோபி கம்பெனி வாங்கி, ஆடிஷன் என்று பெயர் மாற்றியது. 2011-இல் புதிதாக எழுதப்பட்டு வெளிவந்த ஆடிஷன், முந்தைய பதிப்புகளின் தொகுப்புக் கோப்புகளை நேராகத் திறக்க மறுத்தது. பழைய பதிப்பிலேயே திறந்து, இடைநிலை வடிவம் ஒன்றுக்கு மாற்றிய பிறகே அவற்றைக் கொண்டுசெல்ல முடிந்தது. அதற்குள் பழைய கணினியை எடைக்குப் போட்டுவிட்டவர்களின் வேலையெல்லாம், திறக்கத் தெரியாத பூட்டுக்குள் அகப்பட்டுக்கொண்டது.

மென்பொருள் மாற்றுவது என்பது நடைமுறையில் என்னவென்று சற்றே அருகிலிருந்து பார்ப்போம். ஒரு சாமி பாட்டில் குரல், கோரஸ், நாயனம், தவில், உறுமி, கீபோர்டு என்று இருபது தடங்கள் இருக்கின்றன. கோரஸ் இரண்டாவது நிமிஷத்தில்தான் தொடங்குகிறது. அதை அது தொடங்கும் இடத்திலிருந்து வெட்டி எடுத்துக்கொண்டு போனால், புதிய மென்பொருளில் அதை எங்கே வைப்பது என்பது தெரியாது. ஆகையால், விவரம் தெரிந்த சவுண்ட் இன்ஜினீயர், ஒவ்வொரு தடத்தையும் பாட்டின் முதற்புள்ளியிலிருந்து, முன்னே உள்ள மௌனத்தையும் சேர்த்து, ஒரே நீளமுள்ள வேவ் என்னும் ஒலிக்கோப்பாக எழுதுவார். எல்லாவற்றையும் புதிய இடத்தில் ஆரம்பக் கோட்டில் வைத்தால் தாமாகவே இணைந்துகொள்ளும். வினாடிக்கு 48,000 மாதிரியாகப் பதிந்ததை 44,100 என்று புதிய மென்பொருள் தவறாகக் கொண்டால், பாட்டின் வேகம் குறைவதோடு சுருதியும் ஏறக்குறைய ஒன்றரை ஸ்வரஸ்தானம் இறங்கிவிடும். ஆதலால் அந்த எண்ணையும், தாளத்தின் காலப்பிரமாணத்தையும் தனியே எழுதி வைப்பார். கீபோர்டு வாசிப்பை மிடியாகவும் கொடுப்பார், ஒலியாகவும் கொடுப்பார். மிடி நாதத்தைச் சுமப்பதில்லையாதலால், அந்த வாத்தியத்தின் ஒலி புதிய இடத்தில் கிடைக்காமற்போகலாம்.

எதிரொலி எவ்வளவு, எந்த ஸ்தாயியைக் குறைத்தோம், குரலை எவ்விதம் அடக்கினோம் என்ற நிர்ணயங்களோ பெரும்பாலும் இடம்பெயர்வதே இல்லை. 2023-இல் பிட்விக், பிரிசோனஸ் என்னும் இரண்டு ஸ்தாபனங்கள் சேர்ந்து, மென்பொருள்களுக்கிடையே பொதுவாக வழங்கத்தக்க டா-புராஜெக்ட் என்ற வடிவம் ஒன்றை வெளியிட்டிருப்பது வரவேற்கத்தக்க முயற்சி. எல்லாரும் அதை ஏற்றுக்கொள்ளும் நாள் வரும்வரையில், எளிய வேவ் கோப்பைப்போல நம்பத்தக்க துணை வேறில்லை. ஸ்வரக் காகிதம் எந்தக் கூடத்துக்கும் கட்டுப்படாமல் நின்றதைப் போலவே, அந்தக் கோப்பும் எந்தக் கம்பெனிக்கும் கட்டுப்படாமல் நிற்கிறது. மென்பொருளுக்கே உரிய தொகுப்புக் கோப்பு வேலை செய்வதற்கு ஏற்றது. காலங்கடந்து வைத்துக்கொள்ள ஏற்றதன்று. இந்த ஒரு பாகுபாட்டை உணர்ந்தவர்கள் எந்த மாற்றத்திலும் நஷ்டமடைந்ததில்லை.

ஆகவே, கருவி மாறுவதைக் கண்டு வருந்துவதில் பயனில்லை. அரக்குத் தட்டும் நல்லதே, கேசட்டும் நல்லதே, இன்றைய மென்பொருள்களும் நல்லவையே. அவை ஒவ்வொன்றும் முன்னதற்கு எட்டாதவர்களிடம் பாட்டைக் கொண்டு சேர்த்தன. பாவலர் வரதராஜனின் காலத்தில் மலையடிவாரத்துக்கு எட்டாத வசதி இன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் கைபேசியாக இருக்கிறது. வசதி இல்லாத காலத்தில் இழந்ததற்கு யாரையும் குறை கூற முடியாது; வசதி பெருகிய காலத்தில் இழப்பதற்கு நாமே பொறுப்பாளிகள்.

போடி, தேவாரம், பண்ணைப்புரம், கம்பம் முதலிய ஊர்களிலும், மலைமேலுள்ள தோட்டங்களிலும் வாழும் அன்பர்களிடம் என் விண்ணப்பம் இது. உங்கள் வீட்டுப் பரணில் தாயார் பாடிய கும்மியோ, தாத்தாவின் நாடகப் பாட்டோ உள்ள கேசட் ஒன்று கிடக்குமானால், அடுத்த மழைக்காலம் தொடங்குமுன் அதை எடுத்து, ஓடும் நிலையிலுள்ள ஒரு டெக்கில் போட்டு, கணினியில் வேவ் கோப்பாகப் பதிந்துவிடுங்கள். ஒலிப்பதிவு அறை நடத்துகிறவர்கள், மென்பொருளை மாற்றுவதற்கு முந்திய நாளே, பழைய வேலைகளின் தடங்களைத் தனித்தனியே எழுதி, இரண்டு வெவ்வேறு இடங்களில் வைத்துவிடுங்கள். பாடியவர் பெயர், ஊர், வருஷம், எந்தச் சடங்குக்கு உரிய பாட்டு என்ற நான்கு விவரங்களையும் கோப்போடு சேர்த்து எழுதுங்கள்; பெயரில்லாத குரல் யாருடையதென்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல அப்போது யாரும் இருக்கமாட்டார்கள். இந்த வேலைக்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகற்பொழுது போதும்.